பெயரில் மட்டும் இருக்கும் ஏரி

ஒன்பதாம் வகுப்பில் நீர்க்கோளம் நடத்தும்போது நான் முதலில் கரும்பலகையில் எழுதுவது ஊர்ப் பெயர்களைத்தான். பழவந்தாங்கல், பொத்தேரி, திருவல்லிக்கேணி. தாங்கல் என்றால் சிறிய ஏரி என்று சொன்னதும் பின் வரிசையும் நிமிர்ந்து உட்காரும். தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர். 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம்.

அடுத்து இரண்டு தட்டுகள். ஒன்றில் மண், மற்றொன்றில் மண்ணின் மேல் பாலித்தீன் தாள். இரண்டையும் சற்றே சாய்த்து ஒரு சொம்பு நீர் ஊற்றுவோம். எதில் நீர் முதலில் வழிகிறது என்பதைப் பிள்ளைகளே கடிகாரம் பார்த்துக் குறிப்பார்கள். சிமெண்ட் தரை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

நம் ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே உபரிநீர் கீழ் ஏரிக்கு வரும். தென்சென்னையில் அப்படி வரும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கடலுக்குப் போகும். இடையில் ஒரு கால்வாய் அடைபட்டாலும் மேலேயுள்ள தெருக்கள் ஏரியாகிவிடும். குடியிருப்பு, குப்பைமேடு, அலுவலகங்கள் என்று சதுப்பின் பெரும்பகுதி போய்விட்டது. எஞ்சியதில் சுமார் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் தளமானது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அவ்வளவு நீரை எந்த மழைநீர் வடிகாலும் தாங்காது என்பது உண்மைதான். ஆனால், தங்கிப் போக அதற்கு இடமும் இல்லையே.

இதைச் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்க வீடும் ஏரியிலதான் இருக்கு. அப்போ நாங்கதான் தப்பு பண்ணினோமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் அப்பா கடன் வாங்கி வாங்கிய மனை. வீட்டு வரியும் கட்டுகிறார். மறுநாள் பழைய கிராம வரைபடத்தின் நகலைக் கொண்டுபோனேன். நீர்நிலை எங்கே இருந்தது, அதை மனையாக்கி விற்றது யார், அனுமதித்தது யார், கடைசியில் வாங்கியது யார் என்று வகுப்பே பேசியது. 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லை அதன்பிறகு நான் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன். நம் வகுப்பில் அந்த வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீட்டுப்பாடமாக வெள்ளம் நின்ற உயரத்தை அளந்துவரச் சொன்னேன். அவள் இரண்டு அளவுகள் கொண்டுவந்தாள். 2015-இல் அவள் அம்மாவின் இடுப்பு வரை. 2023 மிக்ஜாம் புயலில் முழங்கால் வரை. வீட்டுத் தரையை இரண்டடி உயர்த்திக் கட்டிய பிறகு.