கால் அறிந்ததைக் கற்பித்தல்

கால்பந்து ஆடி ஓய்ந்தவர்கள் பயிற்றுநர்களாவது உலகெங்கும் உள்ள வழக்கமே என்றாலும், அவர்களுள் பெரும்பாலோர் நாடுவது வளர்ந்த வீரர்களின் அணியை நடத்தும் பொறுப்பையே, எட்டு வயதுப் பிள்ளைக்குப் பந்தைப் பழக்கும் வேலையை அன்று. இரண்டும் பயிற்சி என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் தன்மையில் வேறானவை. அணியை நடத்துபவர் யார் எங்கே நிற்பது, எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்குவது என்று பதினொருவரையும் சேர்த்துச் சிந்திக்கிறார்; நுட்பப் பயிற்றுநர் எனப்படுபவரோ ஒரு பிள்ளையின் கால், அதனடியில் உள்ள பந்து, எதிரே வழிமறித்து நிற்பவர் ஆகிய மூன்றை மட்டுமே கவனிக்கிறார். இந்த இரண்டாவது வேலையைத் தனித்துறையாக வளர்த்தவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் நெதர்லாந்தைச் சேர்ந்த வீல் கூர்வர்.

நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற லிம்பர்க் மாகாணத்தின் கெர்க்ராடெ நகரில் 1924-ஆம் ஆண்டு பிறந்த கூர்வர், 1956-இல் நெதர்லாந்தின் தேசியப் பட்டத்தை வென்ற ரபிட் ஜேசி அணியில் ஆடியவர். நல்ல ஆட்டக்காரர் என்று சொல்லலாமே தவிர, மக்கள் திரண்டு வந்து பார்க்கும் நட்சத்திரமாக அவர் இருந்ததில்லை. ஆடுவதை நிறுத்திய பின் பல கழகங்களில் பயிற்றுநராக இருந்துவிட்டு 1973-இல் ராட்டர்டாமின் ஃபெயனூர்ட் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே அந்த அணி நாட்டின் லீக் பட்டத்தை வென்றதோடு, ஐரோப்பியக் கழகங்களுக்கான யூஃபா கோப்பையின் இறுதியில் லண்டனின் டொட்டன்ஹாம் அணியை, இரு ஆட்டங்களையும் சேர்த்து 4–2 என்ற கோல் கணக்கில் வீழ்த்தியது. அந்தக் கோப்பையை ஒரு நெதர்லாந்துக் கழகம் வென்றது அதுவே முதல் முறை. இத்தகைய வெற்றிக்குப் பின் ஒரு பயிற்றுநர் இன்னும் பெரிய கழகத்தைத் தேடிப் போவதே இயல்பு. கூர்வரோ, இந்தோனேசிய தேசிய அணியுடன் சில காலம் பணியாற்றித் தாயகம் திரும்பிய பிறகு, சிறுவர்களின் பக்கம் திரும்பினார்.

அவரை அப்பக்கம் திருப்பியது ஒரு கேள்வி. பந்தோடு ஒருவரைத் தாண்டிச் செல்லும் திறமை பிறவியிலேயே வாய்ப்பது, அது இல்லாதவனுக்கு யாரும் கற்பிக்க முடியாது என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியிருந்தது. கூர்வர் இதை ஏற்கவில்லை. பெலே முதலிய பெரும் ஆட்டக்காரர்களின் படச்சுருள்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்து, எந்தக் கால் தரையில் ஊன்றியிருக்கிறது, உடலின் எடை எப்பக்கம் சாய்கிறது, பாதத்தின் எந்தப் பகுதி பந்தைத் தொடுகிறது என்று அசைவுகளைத் துண்டுதுண்டாகப் பிரித்தார். முன்னாள் வீரர் ஒருவர் ஆசிரியராவதில் உள்ள மெய்யான சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. பல்லாண்டு ஆடிய கால் தான் செய்வதை அறியும்; ஆனால் அதைச் சொல்லத் தெரியாது. ‘இப்படி’ என்று செய்து காட்டும் வீரரைப் பார்த்துப் பிள்ளைகள் வியப்பார்களே ஒழிய, அந்த ‘இப்படி’க்குள் நான்கு அசைவுகள் அடங்கியிருப்பதை யாராவது பிரித்துக் காட்டினாலன்றி அவர்களால் அதைத் திரும்பச் செய்ய இயலாது. கூர்வர் தம் காலை நம்பாமல் படச்சுருளை நம்பியது இதனால்தான் சிறப்புப் பெறுகிறது.

ஃபெயனூர்ட் கோப்பை வென்று மூன்று வாரம் கழித்து, 1974 ஜூன் 19 அன்று டார்ட்மண்ட் நகரில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் நெதர்லாந்தின் யோஹான் கிரைஃப் சுவீடனின் யான் ஓல்சனைத் திகைக்க வைத்த திருப்பத்தை எடுத்துக்கொண்டால் இம்முறை நன்கு விளங்கும். பார்ப்பவருக்கு அது ஒரு மின்னல் வெட்டு. பிரித்துப் பார்த்தாலோ, முதலில் இடது கால் பந்தின் பக்கத்தில் ஊன்றப்படுகிறது. அடுத்து வலது கால், பந்தை உதைத்து அனுப்பப்போவதைப் போல ஓங்கப்படுகிறது. எதிரி அந்த உதையை மறிக்கத் தன் எடையைச் சாய்த்த கணத்தில், வலது பாதத்தின் உட்புறம் பந்தை உதைக்காமல், ஊன்றிய இடது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. உடல் அரைவட்டம் திரும்ப, அடுத்த இரண்டடியில் வேகம் கூடிவிடுகிறது. தமிழில் ‘போக்குக் காட்டுதல்’ என்று வழங்குவது இதைத்தான்: ஒரு பக்கம் போவதாக நம்பவைத்து மறு பக்கம் போதல். ஓங்கும் கால் மெய்யாகவே உதைக்கப்போவதாகத் தோன்றாவிட்டால் எதிரி அசையமாட்டார். ஆகவே பயிற்சியில் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டியது திருப்பத்தை அன்று, நம்பும்படியாகக் காலை ஓங்குவதை.

இத்தகைய அசைவுகளுக்கு அடித்தளமாக வருவது பந்தைப் பழகுதல். பிள்ளைக்கு ஒரு பந்து வீதம் கொடுத்து, இரு பாதங்களின் உட்புறத்துக்கும் நடுவே பந்தை இடம் வலமாக விரைந்து தட்டவும், உள்ளங்காலால் உருட்டவும், பாதத்தின் வெளிப்புறத்தால் வெட்டித் திருப்பவும் செய்வார்கள். பதினைந்து பேர் வரிசையில் நின்று தம் முறைக்காகக் காத்திருக்கும் பயிற்சியில் ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை சில பத்து முறைதான் பந்தைத் தொடுகிறது. ஆளுக்கொரு பந்து இருந்தால் அந்த எண்ணிக்கையைச் சில நிமிடங்களிலேயே கடந்துவிடும். இதில் கண்டிப்பாகக் கவனிக்கப்படுவது பழகாத கால். வலது காலில் செய்த ஒவ்வொன்றையும் இடது காலிலும் செய்தாக வேண்டும் என்ற விதி பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டுவதே. ஆயினும் அது இல்லாவிட்டால், எதிரி ஒரு பக்கத்தை மட்டும் அடைத்து எளிதாக மடக்கிவிடுவார்.

கூர்வரின் வழியால் ஈர்க்கப்பட்டவர்களுள் ஸ்காட்லாந்தின் சார்லி குக் தனிக் கவனத்துக்குரியவர். செல்சி அணியின் சிறகோர ஆட்டக்காரராக, பந்தைக் காலோடு ஒட்டியபடி கொண்டுசெல்வதில் பேர்பெற்ற அவர், 1970-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியின் மறு ஆட்டத்தில் தூக்கிப் போட்ட பந்தைத்தான் சக ஆட்டக்காரர் பீட்டர் ஆஸ்குட் பாய்ந்து தலையால் முட்டிக் கோலாக்கினார். பின்னர் அமெரிக்கா சென்று ஆடி ஓய்ந்த குக், 1984-இல் ஆல்ஃபிரெட் கலுஸ்டியனுடன் சேர்ந்து கூர்வரின் பெயராலேயே சிறுவர் பயிற்சி நிறுவனமொன்றைத் தொடங்கினார். இயல்பாகவே வல்லவராக இருந்த ஒருவர், அத்திறமை கற்பிக்கத்தக்கது என்று நம்பித் தம் பிற்காலத்தை அதற்கே கொடுத்தது, கூர்வரின் கருத்துக்குக் கிடைத்த வலுவான சான்றுகளில் ஒன்று.

இப்பணி பெரிய கழகங்களிலும் தனிப் பதவியாயிற்று. நெதர்லாந்துக் கழகங்களில் ஆடிய ரிக்கார்டோ மோனிஸ், கூர்வர் ஒரு காலத்தில் தோற்கடித்த அதே டொட்டன்ஹாமில் நுட்பப் பயிற்றுநரானார். ரெனே மெயுலன்ஸ்டீன் மான்செஸ்டர் யுனைடெடில் இளையோருக்கு நுட்பம் கற்பிப்பவராகத் தொடங்கி முதல் அணியின் பயிற்றுநராக உயர்ந்தார். 2017-இல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை நடத்தக் கொச்சிக்கும் வந்தார்.

இம்முறைக்கு எதிர்ப்பும் உண்டு. அது வெறும் பொறாமையால் எழுந்ததன்று. கூம்புகளை வளைத்து ஓடுபவனுக்கு அசைவு வரலாம், எப்போது அதைச் செய்வது என்ற தெரிவு வருமா என்பதே எதிர்ப்பாளர்களின் கேள்வி. நெதர்லாந்துக் கால்பந்துச் சங்கம் நால்வருக்கு நால்வர் ஆடும் சிற்றாட்டங்களை வலியுறுத்தியதும், தெருவில் ஆடிய பிள்ளை ஆட்டத்திலேயே நுட்பத்தைக் கற்றது என்ற நம்பிக்கையால்தான். கேள்வி நியாயமானது, ஆனால் காலடியில் பந்து நிற்காத பிள்ளை தலையை நிமிர்த்தவே அஞ்சுகிறது, நிமிராத தலைக்குத் தெரிவு செய்ய எதுவும் கண்ணில் படுவதில்லை. எனவே அசைவைத் தனியே பழக்கி, அதே நாளில் ஒருவருக்கு ஒருவர், இருவருக்கு இருவர் என்று எதிரியை முன்னிறுத்தி ஆடவைப்பதே சரியான வரிசையாகப் படுகிறது.

பயிற்சிக்கு வரும் முன்னாள் வீரருக்கு இதில் மிகக் கடினமானது பொறுத்திருப்பது. போக்குக் காட்ட முயலும் பத்து வயதுப் பிள்ளை பந்தை இழப்பது உறுதி. அதனால் கோல் விழுவதும் உண்டு. வெற்றிக்காகவே ஆடிப் பழகியவரின் வாய் அப்போது ‘பந்தை விட்டுக் கொடு’ என்று கத்தத் துடிக்கும். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, ஊன்றிய கால் பந்துக்கு எவ்வளவு தொலைவில் இருந்தது என்று பார்த்துச் சொல்பவரிடமே பிள்ளை மறுபடி முயல்கிறது.