எல்லைப்புறத் தமிழரின் தெலுங்குச் சொற்பயிற்சி

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் ஆந்திரப் பிரதேசத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எனினும் ஆர்.கே.பேட்டை போன்ற எல்லையூர்களில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கி வருகின்றன. தெலுங்கு கற்கப் புகும் தமிழர் அதன் அன்றாடச் சொற்களை மூவகையாக அணுகலாம்.

முதலாவது, தமிழ்ப் பேச்சில் அருகி இலக்கியத்தில் நிலைபெற்றவை. இல்லு (வீடு), செப்பு (சொல்), சாலா (மிக) என்பன தமிழில் இல், செப்பு, சால எனச் செய்யுள் வழக்காக உள. ‘சால’ என்பதை நன்னூல் மிகுதிப்பொருள் உரிச்சொல்லாகக் கொள்கிறது. ஸ்பானியம் கற்கும் ஆங்கிலேயர் நிலையும் இதனை ஒத்ததே. கையைக் குறிக்கும் ‘மானோ’ என்னும் எளிய சொல், ஆங்கிலத்தில் ‘மேனுவல்’ என்னும் இலத்தீன்வழிச் சொல்லுக்கு உறவாகும்.

இரண்டாவது, ஒலித்திரிபு உற்றவை. ஏழு ‘ஏடு’ எனவும் கோழி ‘கோடி’ எனவும் ழகரம் டகரமாகும். உரல் ‘ரோலு’ எனும்போது முதலுயிர் இடம்பெயர்கிறது.

மூன்றாவது, வடிவொத்துப் பொருள் வேறுபட்டவை. ‘பெருகு’ தயிரைக் குறிக்கும். ‘வீடு’ என்பது ‘இவன்’ என்னும் மதிப்புக் குறைந்த சுட்டு. இடமறியாது வழங்கின் இழிவுபடுத்தலாகும். இதுவும் முதலுயிர் இடம்பெயர்ந்த வடிவமே.

ஆதலின் சொற்பட்டியலை மனனம் செய்வதினும் இவ்வொலியுறவுகளை முதற்கண் கற்பித்தல் பயன்மிக்கது. ஏட்டுச் சொல்லெனக் கருதப்படுவது அண்டை வீட்டார் நாவில் வழங்குவதையும் மாணவர் அதனால் உணர்வர்.