எத்தனையாம் நம்பர் கூண்டு?

மீஞ்சூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரி. உப்புநீர் ஏரிகளில், இந்தியாவிலேயே ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். ஏரியைச் சுற்றிலும் மீனவர் குப்பங்கள். ஏரியில் இறால் பிடிக்கிறவர்கள் உண்டு. முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகிறவர்களும் உண்டு.

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால், கரையில் இருக்கும் பெண்களுக்கு ஒரே கேள்விதான்.

"எத்தனையாம் நம்பர் கூண்டு?"

புயல் வரும்போது சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். பகலில் கூம்பு, உருளை வடிவங்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததல்ல. 1864-ம் ஆண்டில் கல்கத்தாவைப் பெரும்புயல் சூறையாடியது. மறு ஆண்டே அங்கே துறைமுகப் புயல் எச்சரிக்கை தொடங்கிவிட்டது.

எண்ணுக்கு என்ன பொருள்?

1 என்றால், தூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்.

2 என்றால், தூரத்தில் புயலே உருவாகிவிட்டது. புறப்படும் கப்பல் அதில் சிக்கலாம்.

3 என்றால், பலத்த காற்று துறைமுகத்தைத் தாக்கலாம்.

4 என்றால், புயல் துறைமுகத்தையும் பாதிக்கலாம்.

5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரிய அபாயம்.

11 என்றால், வானிலை நிலையத்தோடு செய்தித் தொடர்பே அறுந்துபோயிற்று!

புலி வந்த கதை

இத்தனை எண்கள் எதற்கு? எப்போதும் 10-ம் நம்பரையே ஏற்றிவிட்டால் என்ன?

"புலி வருது, புலி வருது" என்று கத்திய பையன் கதைதான்! நிஜப் புலி வரும்போது யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

படகு இன்ஜினோடு வரும் புத்தகத்திலும் இதே முறைதான். "குறிப்பு" என்றால், தெரிந்துகொண்டால் நல்லது. "கவனம்" என்றால், காயம் படலாம். "எச்சரிக்கை" என்றால், உயிர் போனாலும் போகலாம். "அபாயம்" என்றால், மீறினால் உயிருக்கே உலை! அதனால்தான் அந்தச் சொல்லைக் கட்டம் கட்டி, சிவப்பில் அச்சிடுகிறார்கள். எல்லா வரியையும் சிவப்பில் போட்டால் எந்த வரியும் கண்ணில் படாது.

எட்டாத எச்சரிக்கை

எச்சரிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? உரியவருக்கு அது நேரத்தில் போய்ச் சேரவேண்டும்.

2017 நவம்பர் 30. கன்னியாகுமரிக் கடலில் ஒக்கிப் புயல். பல மீனவர்கள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அங்கே செல்போன் எட்டாது. கூண்டும் தெரியாது. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

2019-ம் ஆண்டில் "ஜெமினி" என்ற கருவி வந்தது. செல்போன் எட்டாத கடலிலும், செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கு எச்சரிக்கை வந்து சேர இது உதவுகிறது.

ஒன்றை மறக்கக்கூடாது. துறைமுகக் கூண்டு முக்கியமாகக் கப்பல்களுக்கு. மீனவர்களுக்கென்று வானிலை நிலையம் தனி எச்சரிக்கை கொடுக்கிறது. "கடலுக்குப் போகவேண்டாம்" என்று சொல்லிவிட்டால், 1-ம் நம்பர்தானே என்று சின்னப் படகுகள் துணியக்கூடாது.

வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் போதும். செய்தியைப் படித்து, எண்ணையும் பொருளையும் அக்கம்பக்கத்துக்கு உரக்கச் சொல்லட்டும். மீன் நாளைக்கும் கிடைக்கும். போன உயிர் கிடைக்குமா?