வகுப்பறைக்குள் சினிமா வரலாமா?

“பாடம் படிக்க அனுப்பினால் படம் பார்த்துவிட்டு வருகிறானே!” உயர்நிலைப் பள்ளியில் இலக்கியம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலருக்கு இந்த ஆதங்கம் உண்டு. நியாயமான கேள்விதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நடந்ததைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

அங்கே 2001ஆம் ஆண்டுத் தேர்வு முதல் புதிய ஆங்கிலப் பாடத்திட்டம் நடப்புக்கு வந்தது. ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலையும் 1995இல் வெளிவந்த ‘குளூலெஸ்’ என்ற ஹாலிவுட் படத்தையும் சேர்த்துப் படிக்க அதில் வழி இருந்தது. கூடுதல் நிலை மாணவர்களுக்குப் பின்நவீனத்துவமே ஒரு தெரிவுப் பாடமாக இருந்தது.

பின்நவீனத்துவம் என்றதும் மிரள வேண்டாம். பழைய கதையைப் புதிதாகத் திருப்பிச் சொல்வது, உயர்ந்த கலைக்கும் ஜனரஞ்சகக் கலைக்கும் இடையிலான வேலியைத் தாண்டுவது, ‘இது ஒருவர் சொல்லும் கதை’ என்பதை மறைக்காமல் காட்டுவது ஆகியவை அதன் முக்கியக் கூறுகள். ‘ஷ்ரெக்’ கார்ட்டூன் படம் தேவதைக் கதைகளைக் கேலி செய்வதும் இந்த வகைதான்.

‘எம்மா’வில் பணக்காரப் பெண் ஒருத்தி, தன் தோழிக்கு ஒரு விவசாயி பொருத்தமில்லை என்று தடுக்கிறாள். படத்தில் அதே வேலையை பெவர்லி ஹில்ஸ் மாணவி செய்கிறாள். அவள் தோழிக்குப் பிடித்தவனோ சறுக்குப் பலகையில் சுற்றும் பையன். அங்கே நிலமும் குலமும் தகுதியை முடிவு செய்தன. இங்கே உடையும் பள்ளியில் கிடைக்கும் செல்வாக்கும். இரண்டையும் ஒப்பிடும் மாணவன், தன் காலம் மனிதர்களை எதை வைத்துத் தரம் பிரிக்கிறது என்று கேட்கத் தொடங்குகிறான்.

எதிர்ப்பும் எழுந்தது. 2006இல் அன்றைய பிரதமர் ஜான் ஹாவர்ட் இந்தப் போக்கைக் கடுமையாகச் சாடினார். காலங்காலமாகப் போற்றப்படும் நூல்களையும் ஜனரஞ்சகப் படைப்புகளையும் ஒரே தட்டில் வைப்பதா என்பதே அவரது ஆட்சேபம். அதைத் தள்ளிவிட முடியாது. படத்தைப் பார்ப்பதற்கு இரண்டு மணி நேரம் கூட ஆகாது. நாவலைப் படிக்கப் பல நாள் பொறுமை வேண்டும். படம் நாவலின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

ஆனால் நாவலுக்குத் துணையாகப் படம் வந்தால் லாபம். பிள்ளைகள் எப்படியும் படம் பார்க்கத்தான் போகிறார்கள். அதைக் கேள்வி கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை வேறு எங்கே கற்றுக்கொள்வார்கள்?

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை “இன்று வகுப்பில் படம் பார்த்தோம்” என்று பிள்ளை சொன்னால் கோபப்படாதீர்கள். “கூடவே எந்தப் புத்தகம் படிக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். பதில் வந்தால் பாடம் சரியாக நடக்கிறது. வராவிட்டால், ஆசிரியரைச் சந்தித்துப் பேசுங்கள்.