ஒற்றை ரிமோட்டும் வந்துபோகும் மின்சாரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரவேற்பறைகளில் தொலைக்காட்சிக்கு ஒன்று, டயலொக் அல்லது பியோ டிவி பெட்டிக்கு ஒன்று, அம்பிளிபயருக்கு ஒன்று, பழைய டிவிடி கருவி இன்னும் இருக்குமானால் அதற்கும் ஒன்று என ரிமோட்டுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. அழுக்குப் படாமலிருக்கச் சொப்பின் பையால் சுற்றி றப்பர் வளையம் போட்டு வைக்கப்படும் அவற்றுள் வேண்டியது வேண்டிய நேரத்தில் கையில் அகப்படுவது அரிது. இவையனைத்தின் வேலையையும் ஒன்றே செய்யுமாறு பழக்கத்தக்க பொது ரிமோட்டை வாங்குவது எளிது. அதைப் பழக்குவதே கடினம், அதிலும் மின்சாரம் நின்று நின்று வரும் ஊரில் அக்கடினம் இன்னும் ஒரு படி கூடும்.

ரிமோட்டின் முனையிலுள்ள சிறு விளக்கு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைச் சிமிட்டுகிறது. கைத்தொலைபேசியின் கமராவை அதற்கு நேரே பிடித்துப் பொத்தானை அமுக்கினால் அது வெளிர் ஊதாவாக மினுங்குவதைப் பெரும்பாலும் காணலாம். சில தொலைபேசிகளின் பின்கமரா இவ்வொளியை வடிகட்டிவிடுவதால் முன்கமராவிலும் பார்த்துவிட்டே ரிமோட் பழுதென்று முடிவுசெய்ய வேண்டும். இச்சிமிட்டலுக்கு ஓர் இலக்கணம் உண்டு. ஜப்பானின் என்இசி நிறுவனம் வகுத்த, பல கருவிகள் இன்றும் பின்பற்றும் முறையில், செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கும் ஒளி முதலில் 9 மில்லிசெக்கன் எரிந்து, 4.5 மில்லிசெக்கன் ஓய்ந்து, அதன்பின் ஒன்று அல்லது சுழியம் எனப் பொருள்படும் 32 குறிகளை அனுப்புகிறது. அவற்றின் முற்பாதி செய்தி எந்தக் கருவிக்கு என்பதையும், பிற்பாதி அக்கருவி செய்ய வேண்டியது என்ன என்பதையும் சொல்கின்றன. பிலிப்ஸின் ஆர்சி-5 முறையில் துடிப்பு 36,000, சோனியின் முறையில் 40,000. ஒரு கருவியின் ரிமோட்டுக்கு மற்றொன்று செவிசாய்க்காததன் காரணம் இவ்வேறுபாடுகளே.

பொது ரிமோட்டுக்கு இவற்றைப் புகட்ட இரு வழிகள் உள்ளன. கையேட்டிலுள்ள குறியீட்டெண்ணை அமுக்கி, ரிமோட்டின் நினைவகத்தில் ஏற்கெனவே உள்ள தொகுதியொன்றைத் தெரிவுசெய்வது முதல் வழி. பழைய ரிமோட்டின் ஒளியைப் புதிய ரிமோட் பார்த்துப் பதிந்துகொள்வது இரண்டாவது. ஆப்பிள் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கோர்’ என்ற ரிமோட்டும் இவ்வாறு கற்றுக்கொள்வதுதான். பழைய ரிமோட்டையும் புதியதையும் மேசைமீது முனையோடு முனையாக, ஓரிரு அங்குல இடைவெளியில், ஒரே மட்டத்தில் வைத்துப் பொத்தானை ஒரு கணம் மட்டுமே அமுக்க வேண்டும். நெடுநேரம் அமுக்கினால், ‘முன் சொன்னதையே செய்’ என்ற சுருக்கக் குறி பதிவில் கலந்துவிடக்கூடும். விறாந்தையில் விழும் வெயிலும் சில மின்சேமிப்புக் குமிழ்களும் பதிவைக் குழப்புமாதலால், நிழலான அறையில் இதைச் செய்வது நல்லது.

ஒரே பொத்தானில் பல கட்டளைகளை வரிசையாக அனுப்பச் செய்வதை ‘மெக்ரோ’ என்பர். ‘படம்’ என்று பெயரிட்ட பொத்தானை அமுக்கியதும் தொலைக்காட்சி, பெட்டி, அம்பிளிபயர் மூன்றும் விழித்துக்கொள்வது பார்க்க அழகுதான். ஆனால் ரிமோட் பேசுமே தவிரக் கேட்காது; எதிரேயுள்ள கருவி எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பதை அது அறியாது. பெரும்பாலான கருவிகளின் மின்பொத்தானோ அணைந்திருந்தால் எழுப்பும், எழுந்திருந்தால் அணைக்கும் ஒரே குறியையே அனுப்புகிறது. நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட 2022ஆம் ஆண்டை இலங்கையில் எவரும் மறந்திரார். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், மின்சாரம் ஒருமுறை நின்று வந்தாலே பெட்டி தானாக எழுந்துவிடலாம், அம்பிளிபயர் உறங்கியே கிடக்கலாம், தொலைக்காட்சி முன்பிருந்த நிலைக்குத் திரும்பலாம். அந்நேரத்தில் ‘படம்’ பொத்தானை அமுக்கினால் அம்பிளிபயர் எழும், பெட்டி அணையும், வெறுந்திரை ஒளிரும். இன்வேர்ட்டரில் தொலைக்காட்சியை மட்டும் இணைத்திருக்கும் வீடுகளில் இக்குழப்பம் இன்னும் கூடும்.

எழுப்புவதற்கு ஒன்றும் அணைப்பதற்கு வேறொன்றுமாகத் தனித்தனிக் குறிகளைப் பயன்படுத்துவதே இதற்கான சரியான மருந்து. பல கருவிகள் இவற்றை ஏற்றுக்கொண்டாலும், அவற்றின் சொந்த ரிமோட்டில் இவற்றுக்குப் பொத்தான் இருப்பதில்லை. பொத்தான் இல்லாததைப் பார்த்துக் கற்கவும் முடியாது. எனவே குறிப்பட்டியல்களில் தேடி, கைத்தொலைபேசிச் செயலியால் இயங்கும் அகச்சிவப்பு அனுப்பி போன்றவற்றில் அவற்றை ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கு இயலாதோருக்கு ஒரு குறுக்குவழி உண்டு: சில தொலைக்காட்சிகள் உறக்கத்தில் இருக்கையில் ஓர் எண்பொத்தானை அமுக்கினாலே விழிக்கும், விழித்திருக்கையில் அதனால் அலைவரிசை மாறுவதற்கு மேல் எதுவும் நேராது. அத்துடன், எழுந்து தயாராகச் சில செக்கன்கள் எடுக்கும் கருவிக்கு அடுத்த கட்டளையை உடனே அனுப்பினால் அது காற்றில் போகுமாதலால், இடையில் தாமதம் வைப்பது கட்டாயம். சாம்சுங் ‘எனிநெற் பிளஸ்’ என்றும் எல்ஜி ‘சிம்பிளிங்க்’ என்றும் அழைக்கும், எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று எழுப்பும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், தொலைக்காட்சி எழுப்பிவிட்ட அம்பிளிபயரை மெக்ரோ மீண்டும் அணைத்துவிடும். இரண்டில் ஒன்றைக் கைவிடத்தான் வேண்டும்.

கனடாவிலுள்ள உறவினர் அனுப்பிய அம்பிளிபயராயின், ரிமோட்டைப் பற்றி யோசிக்குமுன் அதன் முதுகிலுள்ள எழுத்தைப் படிப்பது முக்கியம்: அங்கு 120 வோல்ற், இங்கு 230 வோல்ற், இடையில் மின்மாற்றி இல்லாமற் செருகினால் பழக்குவதற்குக் கருவியே மிஞ்சாது.

பற்றரியும் கவனத்துக்குரியது. வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் 1990களில் பற்றரியும் ஒன்றாக இருந்ததும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டதும் நினைவிலிருக்கும் குடாநாட்டில் இன்று அது பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. எனினும் உப்புக்காற்றில் அதன் முனைகள் விரைவில் பச்சை பிடிக்கின்றன. பற்றரியைக் கழற்றியதும் கற்றதனைத்தையும் மறந்துவிடும் மலிவு ரிமோட்டுகளும் உள்ளமையால், புதிய பற்றரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பழையவற்றைக் கழற்ற வேண்டும். குறியீட்டெண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பற்றரி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டால், சொப்பின் பையை மறுபடி சுற்றிக் கட்டலாம்.