மின்கலவடுக்கும் அதன் காப்பும்

மின்கலங்கள் பல ஒருங்கிணைந்ததே மின்கலவடுக்கு. 1991ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இலிதியம் அயன் கலம் சிறிய உருவிற் பெருஞ் சத்தியை அடக்கியுள்ளது. அச்சத்தியே அதன் ஆபத்துமாகும். ஈரம் புகுந்தால் இணைப்புக்கள் அரிபடும். அதிர்வு மிகுந்தால் அவை முறியும்.

இவற்றைத் தடுத்தற்பொருட்டுக் கலங்களுக்கிடையே பிசினைத் திரவமாக வார்த்து இறுகச் செய்வர். எப்பொட்சி மிக்க உறுதியுடையது. ஆயின், இறுகுங்கால் வெப்பத்தை வெளிவிடும். பின்னர்ப் பழுதுபார்த்தலும் அரிது. பொலியூரிதேன் நெகிழ்வுடையதாதலின் அதிர்வைத் தாங்கும். சிலிக்கோன் ஏறத்தாழ 200 பாகை சதம அளவு வெப்பத்தையும் பொறுக்கும். அலுமினியம் ஒட்சைட்டுத் தூள் கலந்த பிசின் கலத்தின் வெப்பத்தைப் பெட்டியின் சுவருக்கு விரைந்து கடத்தும்.

எனினும், எங்கும் அடைத்துவிடுதலே காப்பு எனக் கருதலாகாது. பழுதுற்ற கலத்தில் தோன்றும் வாயு அதன் போக்குவாய் வழியே வெளியேறல் வேண்டும். அவ்வாயைப் பிசின் மூடிவிடின் கலம் வெடித்தலுங் கூடும்.

2013 சனவரி 7இல் பொஸ்ரன் விமான நிலையத்தில் நின்ற போயிங் 787 விமானமொன்றின் எட்டுக்கல அடுக்கில், ஒரு கலத்திற் பிறந்த கேடு ஏனையவற்றுக்கும் பரவித் தீயாயிற்று. அதன்பின் கலங்களுக்கிடையே வெப்பத் தடுப்பும், சூழ உருக்குப் பெட்டியும், வாயு விமானத்துக்கு வெளியே செல்லக் குழாயும் அமைத்தனர். இது பிசின் வார்ப்பன்று. ஆயினும் இரண்டிற்கும் நெறி ஒன்றே. ஈரத்துக்குத் தடையும், அயற்கலத்துக்கு அரணும், வாயுவுக்கு வழியும் ஒருங்கே அமைந்ததே மெய்யான காப்பாகும்.