திரை, இருட்டு, சிரிப்பு

ஒரு சினிமாப் பிரதியின் அர்த்தம் திரையில் மட்டுமே உற்பத்தியாவதில்லை. இருட்டில் உட்கார்ந்திருக்கிற கூட்டம் எங்கே சிரிக்கிறது, எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்பதும் சேர்ந்தே அதை உருவாக்குகிறது. தமிழ் வெகுஜனப் படங்களில் திருநங்கையோ பெண்சாயல் கொண்ட ஆணோ வந்த மாத்திரத்தில் தியேட்டரில் ஒரு சிரிப்பு கிளம்பும். ‘நான் அது இல்லை’ என்று பக்கத்து சீட்டுக்காரனுக்குக் கொடுக்கிற வாக்குமூலம் அது. தான் ‘அதுதான்’ என்று தெரிந்த ஒருவனும் அதே வரிசையில் இருப்பான். மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவனும் சிரித்தாக வேண்டும். குயர், அதாவது பால்புதுமையர், திரைப்பட விழா எதற்கு என்ற கேள்வியை இந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சென்னையில் 2003 முதல் இயங்கிவரும் ‘ஓரினம்’ முழுக்கத் தன்னார்வலர்களின் குழு. தோழமை அமைப்புகளோடும் மாக்ஸ்முல்லர் பவனோடும் சேர்ந்து அவர்கள் 2013இல் ‘ரீல் டிசையர்ஸ்’ என்ற சர்வதேச விழாவைத் தொடங்கினார்கள். அனுமதி இலவசம். அதே வருஷம் டிசம்பர் 11ஆம் தேதி, தில்லி உயர் நீதிமன்றத்தின் 2009ஆம் வருஷத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 377ஆம் பிரிவு திரும்பவும் உயிர் பெற்றது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதித் தீர்ப்பு வரும்வரை, திரையில் காட்டிய உறவு வெளியே குற்றம். விழா அதற்காக நின்றுவிடவில்லை.

இப்படியொரு விழாவின் வேலை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத வேலை. வருகிற படங்களை உட்கார்ந்து பார்த்துப் பொறுக்க வேண்டும். இயக்குநர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். 1952ஆம் வருஷ சினிமாட்டோகிராஃப் சட்டப்படி பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவை; சான்றிதழ் இல்லாத படங்களை விழாவில் காட்ட மத்திய அரசிடம் விலக்குக் கேட்க வேண்டும். அரங்கு, சப்டைட்டில், படத்துக்குப் பிந்தைய விவாதம் எல்லாவற்றையும் ஆபீஸ் முடிந்து வருகிற ஆட்கள்தான் பார்க்கிறார்கள்.

“இதெல்லாம் மெட்ராஸ்ல நடக்கிற கூத்துவே, நம்ம ஊருக்கு எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு, இலக்கியக்காரர்கள் உட்பட. மேற்கத்திய இறக்குமதி என்பது அடுத்த வாதம். 1977இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய முதல் விழா, சூப்பர்-8 படங்களைப் படுக்கை விரிப்பில் போட்டுப் பார்த்த கூட்டம்தான். அந்த வறுமை நமக்கு அந்நியமா? ஆர். ஆர். சீனிவாசனின் ‘காஞ்சனை’ திரைப்பட இயக்கம் இதே நெல்லையில் இயங்கியதுதானே. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தின் மீது போலீஸ் தடியடி நடத்த, 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். ‘நதியின் மரணம்’ அதற்குச் சாட்சியாக நிற்கிறது. தியேட்டர்காரன் காட்ட மாட்டான் என்றால் நாமே காட்டுவோம் என்பது இந்த ஊருக்குப் பழக்கமான அரசியல்.

இன்னொன்றும் உண்டு. சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து நடக்கிறது. அண்ணாவி பாட, பெண்வேஷம் கட்டிய ஆண்கள் ஆடுகிறார்கள். சனங்கள் அதைச் சாமி காரியமாகவே விடிய விடியப் பார்க்கிறார்கள். அதே சனங்கள்தான் தியேட்டரில் சிரிப்பது. ஆக, சிரிப்பு சனங்களின் இயல்பு என்று சொல்லிவிட முடியாது. பார்வைக்கான களத்தை யார் எப்படி அமைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆனால் சடங்கு தருகிற மரியாதையை உரிமை என்று நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது. சலங்கையைக் கழற்றியபிறகு அந்த மரியாதை கூட வருவதில்லை.

சென்னை விழா மீதும் ஒரு விமர்சனம் வைக்கலாம். வெளிநாட்டுப் பண்பாட்டு மையத்து ஏ.சி. அரங்கும் ஆங்கில சப்டைட்டிலும் அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிற ஒருவரை வாசலிலேயே தயங்க வைக்கும். பெருநகரத்து மேல்சாதி, நடுத்தர வர்க்கச் சொல்லாடலாக இது சுருங்கிவிடும் ஆபத்து உண்மை. அதற்கு மாற்று, விழாவை நிராகரிப்பது ஆகாது. பாளையங்கோட்டையில் இருபது பேர் உட்காரும் ஓர் அறை போதும். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடியணும், யாரும் போட்டோ எடுக்கக் கூடாது, பெயர் கேட்கக் கூடாது, சப்டைட்டிலைத் தமிழில் ஒருத்தர் வாசிக்கணும். லிவிங் ஸ்மைல் வித்யாவின் தமிழ்த் தன்வரலாறான ‘நான், வித்யா’விலிருந்து உருவான கன்னடப் படம் ‘நானு அவனல்ல... அவளு’, அதிலிருந்து தொடங்கலாம். ‘சூப்பர் டீலக்ஸை’ப் போட்டுத் திருநங்கைகளே அதோடு சண்டை பிடிக்கலாம்.

அந்த அறையிலும் சிரிப்பு இருக்கும். முதலில் சிரிக்கிற உரிமை இந்தத் தடவை யாருக்கு என்பதுதான் விஷயம்.